நெவியோவின் இரண்டு விரல் பயம்

எங்கள் கணவாயின் உச்சியில் நான் காபிக்கடை வைத்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஓர் ஆம்பிளை வண்டியை நிறுத்திவிட்டு முதலில் என் முகத்தைப் பார்த்ததில்லை. என் முகம் கிடக்கட்டும், கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கேக்கைக்கூடப் பார்ப்பதில்லை. ஹெல்மெட்டைக் கழற்றுவான், மூக்கைச் சிந்துவான், வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் போய்க் குனிவான். மற்றவனுடைய டயரைப் பார்ப்பான்.

வளைவில் வண்டியைச் சாய்த்தால் டயரின் ஓரம் ரோட்டில் பட்டுத் தேயும். எவ்வளவு சாய்க்கிறானோ அவ்வளவு தேயும். பயந்தவனுக்கு ஓரம் கடையில் வாங்கிய பளபளப்போடு அப்படியே இருக்கும். தேயாத அந்தப் பட்டையை எங்கள் ஆட்கள் விரலை வைத்து அளப்பார்கள். "ஒரு விரல் பயம்" என்பார்கள், "ஒன்றரை விரல் பயம்" என்பார்கள். கொத்தனாரோ பல் டாக்டரோ, கணவாய்க்கு வந்துவிட்டால் அவனுக்கு மரியாதை அந்த விரல் அளவுதான். நான் ஏதாவது சொன்னால், "டிர்சே அக்கா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்பார்கள். நன்றாகவே புரியும். புரிவதால்தான் வாயை மூடிக்கொண்டு காபி போடுகிறேன்.

நெவியோ ஸோஃபோலி இந்த விரல் விளையாட்டில் சேராத ஆள். ஐம்பத்தெட்டு வயது. கீழே ரோக்காவெர்தே ஊரில் வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களை ரிப்பேர் செய்கிறான். ஜனவரியில் அவனைக் கண்டால் ஊரே கும்பிடும், மே மாதம் வந்தால் மறந்துவிடும். பேச்சு குறைவு, தொப்பை கொஞ்சம் அதிகம், மனசு தங்கம். அவன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கு அவன் மனைவி இரீதே இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு நடுவில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. எனக்குச் சிநேகிதி. அதனால்தான் இந்தக் கதை எனக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு தோறும் இருவரும் ஒரே வண்டியில் வருவார்கள். ஜெர்மனியில் செய்த பயண வண்டி, நெடுந்தூரம் போவதற்கான பெரிய மோட்டார் சைக்கிள். இருபுறமும் இரண்டு பெட்டி, பின்னால் பெரிதாக ஒரு பெட்டி, அந்தப் பெட்டியின் முன்பக்கம் இரீதே சாய்ந்துகொள்ள மெத்தை. உட்காரும் இடத்துக்கு அடியில் குளிருக்குச் சூடு வேறு. ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் கருவி வைத்திருந்தார்கள். பேசிக்கொள்ளும் என்று நான் எழுதிவிட்டேன், இரீதே பேசுவாள் என்று திருத்திக்கொள்ளுங்கள். "லாரி வருது. அந்த வீட்டுல ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. கன்றாவி கலர். மெதுவா போ, மணல் கொட்டியிருக்கு. பாவம், அந்த வாதுமை மரத்தை வெட்டிட்டாங்க." நெவியோ "ம்" என்பான். அப்படியே தெற்கே புலியா வரை போயிருக்கிறார்கள், ஆஸ்திரியா மலையெல்லாம் ஏறியிருக்கிறார்கள். இங்கே வந்து ஒரு பியாதீனா ரொட்டியில் ஹாமும் கீரையும் வைத்து வாங்கி, பாதி பாதி தின்றுவிட்டு இறங்குவார்கள். சண்டை என்று நான் கேட்டதே கிடையாது.

ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று மைகோல் வாயைத் திறந்தான். மைகோல் தரைக்கு டைல்ஸ் பதிப்பவன், முப்பத்து நான்கு வயது. வண்டியில் போகும் வேகத்தில் பாதி மூளைக்கு இருந்தால் எப்போதோ உருப்பட்டிருப்பான். நெவியோ வண்டியை நிறுத்தியதும் இவன் வாசலில் இருந்து கத்தினான்.

"டிர்சே அக்கா, வழி விடுங்க! வரவேற்பறை கிளம்பி வந்துட்டுது! சோபா இருக்கு, அலமாரி இருக்கு, டிவி மட்டும்தான் பாக்கி!"

"டிவி எதுக்குடா? அதான் இரீதே அக்கா வர்றாங்களே, நிறுத்தவே முடியாத சேனல்!" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு கிளம்பியதும் மைகோலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பின் டயர் பக்கம் குந்தி உட்கார்ந்தான். "இங்க வந்து பாருங்க! நடுவுல சப்பட்டையா தேஞ்சிருக்கு, இது மேல மாவு தேய்க்கலாம். ஓரத்துல பாரு, ரெண்டு விரல்! முழுசா ரெண்டு விரல் பயம்! நெவியோ அண்ணே, உங்க ஊர்ல ரோடு வளையறதே இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் இரீதே. தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். "வரவேற்பறை! ஐயோ, சரியாச் சொன்னான்! நெவியோ, கேட்டியா?"

நெவியோ கேட்டான். அவன் காது இரண்டும் சிவந்துபோனதை நான் பார்த்தேன். பியாதீனாவில் தன் பாதியைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். அன்றைக்கே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மைகோல் போல ஆயிரம் பேர் சிரித்தாலும் நெவியோ துடைத்துப் போட்டுவிடுவான். ஆனால் பெண்டாட்டி சிரித்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, பக்கத்து ஊரில் ஒரு பாய்லர் பழுது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஆனால் போனது ஃபோர்லி நகரத்தில் ஒரு வண்டிக்கடைக்கு. பயண வண்டியைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு சிவப்பு வண்டியை வாங்கினான். பந்தயத்தில் ஓட்டுவார்களே, குனிந்து வயிற்றைப் பெட்ரோல் டேங்கில் அழுத்திக்கொண்டு, அந்த ஜாதி. கையெழுத்துப் போட்டான், கை குலுக்கினான், எல்லாம் சரியாகச் செய்தான். பழைய வண்டியின் பெட்டிகளைக் காலி செய்ய மட்டும் மறந்துவிட்டான். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெட்டிகளைத் திறந்து மூடியது இரீதே அல்லவா, அவனுக்கு அவற்றில் பொருள் இருக்கும் என்பதே ஞாபகத்தில் இல்லை.

பதினோரு மணிக்கு வீட்டில் போன் அடித்தது. இரீதே எடுத்தாள்.

"வணக்கம்மா. உங்க பழைய வண்டிப் பெட்டியில ஒரு ஜோடி செருப்பு, ஒரு குடை, சீப்பு, அரை பாட்டில் ஆலிவ் எண்ணெய் எல்லாம் இருக்கு. எப்ப வந்து எடுத்துக்கறீங்க?"

"எந்தப் பழைய வண்டி?" என்று கேட்டாள் இரீதே.

அந்தப் பக்கம் கடைக்காரன் காகிதத்தைப் புரட்டினானாம். பிறகு, "அம்மா, உங்க வீட்டுக்காரர் வந்து சொல்வாரு" என்று போனை வைத்துவிட்டானாம். வியாபாரிக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்கிறது.

நெவியோ முற்றத்துக்குள் நுழைந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் காருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இரீதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"நான் எங்க உட்காருவேன்?"

நெவியோ பின்பக்கம் இருந்த சிவப்பு மூடியைக் கழற்றிக் காட்டினான். அடியில் ஜெபப் புத்தகம் அளவுக்கு ஒரு ஸ்பாஞ்சு இருந்தது.

"இது எனக்கா, என் கைப்பைக்கா?"

"ஏறிப் பாரேன். பழகிடும்."

ஏறிப் பார்த்தாள். அதற்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன, பிடித்துக்கொள்ள நெவியோவின் தொப்பையைத் தவிர வேறொன்றும் இல்லை. "நான் என்ன வண்டியில போறேனா, அடை காக்குறேனா?" என்று கேட்டுவிட்டு இறங்கினாள். அதோடு விட்டிருந்தால் சிரித்து முடித்திருப்பார்கள். இறங்கியவள் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"என்னை இறக்கி விடணும்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், நெவியோ. இதுக்காக வண்டியையே மாத்தணுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நெவியோ கை கழுவப் போய்விட்டான். இந்த மனுஷனுக்கு ஊரில் எல்லார் வீட்டு அடைப்பையும் எடுக்கத் தெரியும். தன் தொண்டையில் இருப்பதை மட்டும் எடுக்கத் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணிக்கு வரும் பஸ்ஸில் இருந்து இரீதே இறங்கியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் மலைக்கு ஒரே பஸ்தான். அதில் காளான் பொறுக்கப் போகிறவர்களும் நடக்கப் போகும் ஜெர்மன்காரர்களும்தான் வருவார்கள். நேராக உள்ளே வந்து என் ஏப்ரனை மாட்டிக்கொண்டாள்.

"வீட்டுல உட்கார முடியல டிர்சே. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குள்ள என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல. மாவைக் குடு, நான் தேய்க்கிறேன்." நாலு பியாதீனா தேய்க்கும் வரை பேசாமல் இருந்தாள். அவள் அத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு சொன்னாள்: "அவனுக்கு நான் பாரமாயிட்டேன். வேகமாப் போறதுக்கு என்னைக் கழட்டிட்டான்."

"உளறாதே" என்றேன்.

"அது மட்டுமில்ல. வர்ற வழியில அவனைப் பார்த்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பதினாலாவது வளைவுல வண்டியை நிறுத்திட்டு, புல்லு மேல மல்லாந்து படுத்திருக்கான். ரெண்டு கையையும் வானத்தைப் பார்த்து உதறிட்டு இருக்கான். பஸ் தாண்டி வந்துட்டுது. யார் கிட்டயும் சொல்லாதே."

கால் மணி நேரம் கழித்து அவன் வந்தான். தோல் சூட்டு ஒன்று வாங்கியிருந்தான், கழுத்தில் இருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு, தொப்பைக்கு மேல் ஜிப் நின்றுவிட்டது. வண்டியில் இருந்து இறங்கினான், ஆனால் நிமிரவில்லை. எல் எழுத்து மாதிரி மடங்கியபடியே கல்லா வரை நடந்து வந்தான். முகம் வெளிறியிருந்தது, முடி ஒட்டியிருந்தது. கண் மட்டும் சின்னப் பையன் கண் போல மின்னியது. கல்லாவில் பெண்டாட்டி நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"நீ எப்படி வந்தே?"

"பஸ்ல."

"பஸ்... எந்த ரோட்ல வந்துது?"

"ஒரே ரோடுதான் இருக்கு நெவியோ. காபியா, பார்லிக் காபியா?"

அதற்குள் மைகோல் வெளியே வேலையைத் தொடங்கிவிட்டான். சிவப்பு வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர். முதலில் எல்லாம் பாராட்டுதான். "அடேயப்பா அண்ணே!" "என்ன சத்தம்!" "இனி நாங்க எல்லாம் ஓரமாப் போறோம்!" நெவியோ வாசலில் நின்று மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு வழக்கம்போல மைகோல் குனிந்தான்.

"ரப்பர் முடிகூட உதிரல! பாருங்கடா, ஃபாக்டரியில முளைச்ச முடி அப்படியே நிக்குது! அதே ரெண்டு விரல்! அண்ணே, வண்டியை மாத்தினீங்க, விரலை மாத்தலையே!"

சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. நெவியோ திரும்பி இரீதேயைப் பார்த்தான். கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்கவில்லை. இரீதே சிரிக்கவில்லை, கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் சிரிக்காததும் அவனுக்குப் போதவில்லை. ஏன் சிரிக்கவில்லை, நம்மைப் பார்க்கப் பாவமாக இருக்கிறதா என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. ஆம்பிளைகளுக்கு ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்வதில் எத்தனை கஷ்டம் பாருங்கள்.

அந்த வாரம் மூன்று நாள் சாயங்காலம் அவன் வீட்டுக் கொட்டகையில் இருந்து "கர்ர், கர்ர்" என்று சத்தம் வந்ததாம். ரேடியோவையும் பெரிதாக வைத்திருந்தானாம். குழாய் அறுக்கிறான் என்று இரீதே நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறு. இரீதே மறுபடி பஸ்ஸில் வந்தாள், மறுபடி ஏப்ரன். நெவியோ பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் பின்னால் வந்தான். ஆனால் இந்தத் தடவை மற்றவர்கள் டயரைப் பார்க்கும் வரை காத்திருக்கவில்லை. வண்டியைத் திருப்பி, டயர் காபிக்கடையைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினான். தற்செயலாக நடந்தது போல ஹெல்மெட்டைப் பின் டயருக்குப் பக்கத்தில் வைத்தான். நான் அப்போதே நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

மைகோல் குனிந்தான். பேசவில்லை. பக்கத்தில் இருந்தவன் குனிந்தான். அவனும் பேசவில்லை. பின் டயரில் ஓரம் வரை ஒரு நூல் அளவுகூட மிச்சமில்லாமல் தேய்ந்திருந்தது. முன் டயரும் அப்படியே. பயத்துக்கு இடமே இல்லை.

"அண்ணே..." என்றான் மைகோல், பயந்த குரலில். "எந்த வளைவுல?"

"எல்லா வளைவுலயும்" என்றான் நெவியோ, மலையைப் பார்த்தபடி.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்குப் பார்த்து எர்மெஸ் பெரியவர் வந்திருந்தார். நாற்பது வருஷம் ரோக்காவெர்தேயில் டயர்க் கடை வைத்திருந்தவர், எழுபத்து நான்கு வயது, ஓய்வு பெற்ற பிறகு செய்ய வேலை இல்லாமல் எல்லாவற்றையும் சரிபார்ப்பவர். ஒயின் கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்தார். முன் டயரைத் தடவினார். விரலை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"நெவியோ."

"சொல்லுங்க."

"பின் டயர் ஓரம் வரைக்கும் தேயும், ஒத்துக்கறேன். முன் டயர் இந்த ரோட்ல ஓரம் வரைக்கும் தேயவே தேயாது. தேய்ஞ்சிருந்தா வண்டி படுத்திருக்கும். நீ இப்ப ஆஸ்பத்திரியில இருப்பே."

நெவியோ ஜிப்பை மேலே இழுத்தான், அது நகரவில்லை.

"இன்னொண்ணு. ரோட்ல தேய்ஞ்சா ரப்பர் சுருண்டு சின்னச் சின்ன உருண்டையா நிக்கும். இது குறுக்கு வாட்டுல கோடு கோடா இருக்கு." பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ வண்டி ஓட்டினியா, இல்ல சீஸ் துருவினியா?"

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் மைகோல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒருவன் காபியை மூக்கு வழியாக விட்டான். "அரம்! அரத்தை வச்சுத் தேய்ச்சிருக்காரு!" "அண்ணே, என் நூடுல்ஸுக்குக் கொஞ்சம் துருவிக் குடுங்க!" நெவியோ அந்தத் தோல் சூட்டுக்குள் நின்றான். போகவும் முடியவில்லை, அந்த வண்டியில் அவசரமாக ஏறவும் அவனால் முடியாது. எனக்கு எர்மெஸின் ஒயினில் நாலு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றலாம் போல இருந்தது.

அப்போது இரீதே மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"நான்தான் தேய்ச்சேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பார்க்கிறீங்க? டயர்ல முடி முடியா நீட்டிட்டு இருந்துது, பார்க்கச் சகிக்கல. நம்ம வீட்டுல அழுக்கா இருந்தா நான் தேய்ப்பேன். அரத்தை எடுத்துத் தேய்ச்சேன். இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. முடிஞ்சுதா? போய்க் காபியைக் குடிங்க."

பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றிருபது பேரை அடக்கும் குரல் அது. மைகோல் எழுந்து நின்று பின்பக்கம் தட்டிக்கொண்டான். எர்மெஸ் பெரியவர் சந்தேகத்தோடு டயரைப் பார்த்தார், இரீதேயைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அறுபது வயதுக்கு மேல் ஒருவருக்கு அந்தளவு புத்தி வந்தால் போதும். நெவியோ ஒரு "ம்" சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன அதே "ம்".

"இல்ல" என்றான்.

"நெவியோ, சும்மா இரு."

"இல்ல இரீதே. நான்தான் தேய்ச்சேன். மூணு நாள். பின் டயருக்கு ரெண்டு நாள், முன் டயருக்கு ஒரு நாள்." கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னான். "வளைவைப் பார்த்தா எனக்குப் பயமாத்தான் இருக்கு. கை மரத்துப் போகுது. போன வாரம் புல்லுல படுத்துக் கெடந்தேன், பஸ் தாண்டிப் போறதைப் பார்த்தேன். அதுல நீ இருந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது."

"அப்ப எதுக்குடா இந்த வண்டி?" என்றாள் இரீதே. பத்துப் பேர் நடுவில் புருஷனை டா போட்டாள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. "என்னை இறக்கி விடத்தானே?"

"நீ சிரிச்சியே" என்றான் நெவியோ. "இவன் வரவேற்பறைன்னான், நீ சிரிச்சே. எல்லாரையும்விட சத்தமா. என்னைப் பார்த்தா உனக்கு ஒரு சோபா மாதிரிதான் இருக்குன்னு நினைச்சேன். ஒரு தடவையாவது நீ என்னைப் பார்த்து... சரி விடு."

அவன் விட்டுவிட்டான். ஆனால் எல்லாருக்கும் மிச்சம் கேட்டுவிட்டது. மைகோல் ஹெல்மெட்டின் பட்டையைச் சரிசெய்தான், அதற்குச் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

இரீதே கையில் இருந்த மாவை ஏப்ரனில் துடைத்தாள். நிதானமாக, விரல் விரலாக.

"நான் சிரிச்சது, அது வரவேற்பறைங்கிறதாலதான். எனக்கு அந்த வரவேற்பறை பிடிக்கும், முட்டாளே. அதுல உட்கார்ந்துதான் நான் பாதி உலகத்தைப் பார்த்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் பார்த்தது உன் ஹெல்மெட்டோட பின்பக்கத்தை. அதுல ஒரு கீறல் இருக்கு, அதை எனக்கு உன் மூஞ்சியைவிட நல்லாத் தெரியும். இந்த ரெண்டு வாரமாத்தான் நீ வர்றதை எதிர்ல நின்னு பார்க்கிறேன். வலியில மடங்கிப் போய், முடியெல்லாம் ஒட்டிப் போய் வர்றே. ஆனா கண்ணு பளபளன்னு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பியே, அந்த மாதிரி."

நெவியோவின் காது சிவந்தது. இந்தத் தடவை வேறு சிவப்பு.

"வண்டியைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றான்.

"குடுத்துப் பாரு. கொன்னுடுவேன். நீ அதுலயே வா, நான் பஸ்ல வர்றேன். ஆனா பஸ்ஸுக்கு முன்னாடி வந்து சேரு. வெளியூர்க்காரங்க முன்னாடி எனக்கு மானம் போகுது."

அன்றைக்கு யாரும் அதற்குப் பிறகு டயர் பக்கம் குனியவில்லை. மைகோல் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தான். முப்பத்தோரு வருஷத்தில் அவன் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம்.

அடுத்த ஞாயிறு ஒன்பதே முக்காலுக்கே சிவப்பு வண்டியின் சத்தம் கேட்டது. எத்தனை மணிக்குக் கிளம்பினான், எத்தனை வளைவில் படுத்து எழுந்தான் என்று நான் கேட்கவில்லை. உள்ளே வந்து என் பாத்திரம் கழுவும் குழாயில் முகம் கழுவினான், ஈர விரலால் தலையைக் கோதினான். மடங்கிய இடுப்போடு நடந்து போய் பஸ் நிற்கும் இடத்தில் நின்றான். உள்ளே வா, காபி குடி என்றேன். தலையை ஆட்டினான், வரவில்லை.

பத்து மணிக்குப் பஸ் வந்தது. ஜெர்மன்காரர்கள் இறங்கினார்கள். கூடையோடு காளான்காரர் இறங்கினார். கடைசியில் இரீதே. பச்சைக் கவுன், உதட்டுச் சாயம், முடியைச் சுருட்டி விட்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஹெல்மெட்டுக்குள் அடைத்து வைத்த முடி, அது சுருளும் என்றே எனக்குத் தெரியாது. படியில் நின்றபடியே கீழே பார்த்தாள். நெவியோ கை நீட்டவும் மறந்து, ஜிப் மூடாத சூட்டோடு, வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"என்ன, அப்படியே பார்த்துட்டு நிக்கிறே?" என்றாள்.

"பார்க்கத்தான் சீக்கிரம் வந்தேன்" என்றான் நெவியோ.